மூட்டு புதிது, உடம்பு பழையது

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் ஏழெட்டு மாதம் ஃபைலும் கையுமாக அலைந்தேன். அப்போது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துச் சரிபார்த்ததையும்தான் இங்கே சொல்கிறேன். என் பேச்சைக் கேட்டு யாரும் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

நம் குடியிருப்பில் மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கேள்விகள்தான் காதில் விழும். எந்த ஆஸ்பத்திரி? எந்த டாக்டர்? எந்த கம்பெனி மூட்டு? நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த மூட்டு போய் உட்காரப்போகிற உடம்பு எப்படி இருக்கிறது?

கணக்குப் புத்தகம் எழுதியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புது வருடத்துக்குப் புதுப் பேரேடு போட்டாலும் முதல் வரியில் பழைய பாக்கியைத்தான் எழுத வேண்டும். ஆபரேஷன் டேபிளில் படுக்கும்போது நம்முடைய சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், இரத்தசோகை எல்லாமே தொடக்க இருப்பாகக் கூடவே வருகின்றன. மூட்டு ஒன்றுதான் புதிது.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து வருகிறவருக்கு அவகாசம் கிடையாது, ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். தேய்மானத்துக்காகச் செய்யும் முழங்கால் மாற்று அப்படியில்லை. தேதி நம் கையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் வரும் மூன்று மாதத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எதற்காக இவ்வளவு கவனம்?

முழங்கால் மாற்று என்றால் மூட்டை முழுவதுமாகக் கழற்றி எடுத்துவிடுவதில்லை. தேய்ந்துபோன எலும்பின் முனைகளைச் சீவி, மேலே உலோகமும் நடுவில் கெட்டியான பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே அமைகிறது. நூறில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் மூட்டுக்குள் கிருமித் தொற்று வருகிறது. ஆனால் வந்துவிட்டால் படாத பாடு.

சதையில் தொற்று வந்தால் இரத்தம் வழியாக மருந்து போய்ச் சேரும். உலோகத்துக்குள் இரத்த ஓட்டம் ஏது? கிருமிகள் அதன் மேல் பாசி போலப் படலம் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும். ஆன்டிபயாடிக் அதைத் தாண்டி நுழைவது கடினம். பல சமயங்களில் வைத்த மூட்டையே கழற்றிவிட்டு, மருந்து கலந்த சிமென்ட் கட்டியை வாரக்கணக்கில் உள்ளே வைத்து, தொற்று அடங்கிய பிறகு இன்னொரு மூட்டு பொருத்த வேண்டிவரும்.

செலவையும் பார்த்துவிடுவோம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகை, சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. அதை ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். மூட்டின் விலைக்கு வரம்பு போட்டார்கள், சரி. தொற்று வந்து மாதக்கணக்கில் படுத்தால் ஆகும் செலவுக்கு யார் வரம்பு போடுவது?

சர்க்கரை

நம் வீடுகளில் முதல் இடம் இதற்குத்தான். சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும், தையல் போட்ட இடம் ஆற நாளாகும். போதாததற்கு, ஆபரேஷன் தரும் அதிர்ச்சியே சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பட்டினி கிடந்து காலையில் 110 காட்டுவதில் பிரயோஜனம் இல்லை. டாக்டர்கள் பார்ப்பது ஹெச்பிஏ1சி. கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் பரிசோதனை அது. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் முடிந்தவரை இது 8க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். சில சர்ஜன்கள் 7.5 கேட்பார்கள்.

என் மனைவிக்குப் பதினைந்து வருடமாக சர்க்கரை உண்டு. தேதி குறித்து, மகன் லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்த பிறகு ரிப்போர்ட் வந்தது. ஹெச்பிஏ1சி 9.2, ஹீமோகுளோபின் 10.1. "மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்றார் சர்ஜன். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். "வேற டாக்டரைப் பார்க்கலாமே, இதுக்கெல்லாம் தள்ளிப்போடுவாங்களா?" என்று உறவினர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். வேறு இடத்தில் உடனே செய்துகொண்டிருக்கவும் முடிந்திருக்கும். அவள்தான், "அவர் வேண்டாம்னு சொல்லலையே, தயாராகி வான்னுதானே சொல்றார்" என்று பிடிவாதமாக இருந்தாள். சாப்பாட்டை மாற்றி, மருந்தைச் சரிசெய்து, இரும்புச்சத்து ஏற்றிக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் போனபோது 7.3, 12.2. தையல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆறியது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். எண்ணைக் குறைக்க வேண்டும் என்று பட்டினி கிடந்து லோ சுகர் வரவழைத்துக்கொள்ளாதீர்கள், அது இன்னும் ஆபத்து. அடுத்து, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று முடியும் மாத்திரைகள் இப்போது பலர் சாப்பிடுகிறோம். இவற்றை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் உண்டு. எடை குறைய, சர்க்கரை குறைய என்று வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசியால் வயிறு காலியாவது மெதுவாகும்.

இதயமும் இரத்தமும்

ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆனவருக்கு மூட்டு ஆபரேஷனை அவசரப்பட்டுச் செய்வதில்லை. பொதுவாக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் என்றால் ஒரு வருடம் வரைகூடப் போகும். காரணம், ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. அதைத் தொடர்ந்தால் ஆபரேஷனில் இரத்தம் அதிகம் போகும். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். எந்த நாளில் நிறுத்துவது, எதை நிறுத்தாமலே விடுவது என்று இதய டாக்டரும் மூட்டு டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

"ஒரே தடவையில் இரண்டு முழங்காலையும் முடித்துவிட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். திடமான உடம்பென்றால் சர்ஜன் சம்மதிக்கலாம். இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு ஒரே நேரத்தில் அந்தச் சுமை கூடாது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது மும்பையில் 2000 அக்டோபரில் இடது முழங்காலும், 2001 ஜூனில் வலது முழங்காலும் மாற்றினார்கள். நடுவில் எட்டு மாத இடைவெளி. முதல் ஆபரேஷனின்போது அவருக்கு வயது 75. நாட்டின் பிரதமரே இரண்டு தவணையில் செய்துகொண்டார். நாம் செய்துகொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இரத்தசோகையை நம் வீட்டுப் பெண்கள் ஒரு நோயாகவே நினைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்கும், பெண்களுக்கு 12க்கும் குறைந்தால் இரத்தசோகை. குறைவாக வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனால் வெளியிலிருந்து இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம், தொற்று அபாயமும் கூடும், எழுந்து நடக்கவும் தெம்பு இருக்காது. ஏன் குறைந்தது என்று பார்ப்பதும் முக்கியம். வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டு வயிற்றில் புண்ணாகி, அதில் கசிந்துகொண்டிருக்கலாம்.

அதே வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மூட்டு வலிக்காகப் பத்து வருடம் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் இங்கேயே இருப்பீர்கள். கிரியாட்டினின் பார்க்காமல் ஆபரேஷனுக்குப் போகக்கூடாது. பிறகு என்ன வலி மருந்து கொடுக்கலாம் என்பதே அதைப் பொறுத்ததுதான்.

புகை

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2002ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இடுப்பு அல்லது முழங்கால் மாற்றுக்குக் காத்திருந்த, புகைபிடிக்கும் 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆபரேஷனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பிருந்தே புகையை நிறுத்தவோ குறைக்கவோ உதவினார்கள். மற்றவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டார்கள். உதவி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது சிக்கல் வந்தது. மற்ற பிரிவில் 52 சதவீதம். காயம் சம்பந்தமான சிக்கல் மட்டும் என்று பார்த்தால் 5க்கு 31. இத்தனைக்கும் யாருக்கும் மூட்டையோ சர்ஜனையோ மாற்றவில்லை. சில வாரம் புகையைத்தான் மாற்றினார்கள். மொட்டைமாடியில் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் நின்று புகைக்கிற நண்பர்களுக்காகத்தான் இந்தக் கணக்கை விவரமாகச் சொன்னேன். புகையிலை போட்டு வெற்றிலை மெல்கிறவர்களுக்கும் சேர்த்தேதான். நிகோடின் எந்த வழியில் போனாலும் இரத்தக் குழாயைச் சுருக்கத்தான் செய்யும்.

எடை

எடை மிக அதிகமாக இருந்தால் தொற்றும் காயச் சிக்கலும் கூடும் என்பது உண்மை. "இருபது கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று கேட்டு மனமுடைந்து போனவர்களையும் எனக்குத் தெரியும். நடக்கவே முடியாதவர் எப்படி நடந்து எடையைக் குறைப்பார்?

இதைப் பற்றி அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியும் அங்குள்ள மூட்டு மாற்று சர்ஜன்கள் சங்கமும் 2023ல் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் தந்தார்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, புகை, இந்த இரண்டுக்காகவும் ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். இன்ன எடைக்கு வந்தால்தான் செய்வோம் என்று கறாராக எல்லை போட்டுத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்றார்கள். அதற்காக எடையைக் குறைக்கும் முயற்சியை விட்டுவிட வேண்டும் என்று பொருள் இல்லை. நாம் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. மூன்று நாலு கிலோ இறங்கினாலும் லாபம்தான்.

அதேசமயம் சத்தைக் குறைத்துவிடக்கூடாது. இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் புரதம் எங்கிருந்து வரும்? பருப்பு, சுண்டல், தயிர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன் என்று தினமும் உள்ளே போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காயத்தை ஆற்றுவது புரதம்தான்.

வலி எங்கிருந்து வருகிறது?

முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆபரேஷன் சரியாக நடந்தும் இப்படி ஆவதற்குப் பழைய நோய்களும் ஒரு காரணம். முதுகுத் தண்டில் நரம்பு நெருக்கப்பட்டால் வலி காலில் தெரியும். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தாலும் சிலருக்கு முழங்காலில்தான் வலிக்கும். முழங்காலை மாற்றிய பிறகும் அந்த வலி அப்படியே இருக்கும். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள் வலி குறைவதை எதிர்பார்க்கலாம். நடை எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனச்சோர்வும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். துணையை இழந்து தனியாக இருப்பவர், தூக்கமில்லாதவர், எதிலும் பிடிப்பில்லாதவர் ஆபரேஷனுக்குப் பிறகு காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடர்வது கஷ்டம். பயிற்சி நின்றால் மூட்டு இறுகிவிடும். இதையும் டாக்டரிடம் சொல்லலாம், வெட்கப்பட எதுவும் இல்லை.

முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தனிக் கணக்கு. மெதோட்ரெக்சேட் மாத்திரையைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். பயாலஜிக் ஊசி போடுகிறவர்களுக்கு அடுத்த ஊசி வரவேண்டிய சமயம் பார்த்து ஆபரேஷன் நாளை வைப்பார்கள். முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதன் தேதியைச் சொல்லுங்கள். போட்டு மூன்று மாதம் ஆகுமுன் ஆபரேஷன் செய்தால் தொற்று அபாயம் கூடும்.

மறைக்காதீர்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது "ஏற்கெனவே உள்ள நோய்" என்ற கட்டத்தில் சிலர் ஒன்றுமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியிலும் "சுகர் இப்போதான் ஆறு மாசமா" என்கிறார்கள். இன்சூரன்ஸுக்காகச் சொன்ன பொய் மயக்க மருந்து டாக்டர் வரைக்கும் போகிறது. க்ளெய்ம் போனால் பணம்தான் போகும். டாக்டரிடம் மறைத்தால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உண்மையை எழுதினாலும் கதவு மூடிவிடுவதில்லை. 2024 ஏப்ரல் முதல் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். முன்பு 48 மாதமாக இருந்தது. மூட்டு மாற்றுக்கும் பல பாலிசிகளில் தனியாகக் காத்திருப்புக் காலம் உண்டு. முழங்கால் லேசாக வலிக்க ஆரம்பிக்கும்போதே பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். மூட்டு வலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் நமக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதனால் டாக்டரைப் பார்க்க இருவராகப் போங்கள்.

என்ன செய்யலாம்?

ஒரே ஒரு தாள் எடுங்கள். என்னென்ன நோய், எத்தனை வருடம், தினமும் சாப்பிடும் மருந்துகள், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, முன்பு நடந்த ஆபரேஷன்கள், காலில் இரத்தம் உறைந்தது உண்டா, ஸ்டென்ட் வைத்த தேதி, எல்லாவற்றையும் எழுதுங்கள். அதை ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் வையுங்கள்.

மூன்று மாதம் முன்பே ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின், கிரியாட்டினின் பாருங்கள். இதய டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல், ஆறாத கால் புண், விரலிடுக்கில் சேற்றுப்புண், எரிச்சலோடு போகும் சிறுநீர் எது இருந்தாலும் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கேட்டு யாரும் பயந்துபோகக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், எழுபத்தைந்து தாண்டியவர்கள் என்று எத்தனையோ பேர் தயாராகப் போய், செய்துகொண்டு, நன்றாக நடக்கிறார்கள். நோய் இருப்பது தடையில்லை. அது கட்டுக்குள் இல்லாததும், டாக்டருக்குத் தெரியாததும்தான் தடை. அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும் சரியில்லை. கால் வளைந்து, தசை வற்றிய பிறகு செய்தால் பலனும் அந்த அளவுக்குக் குறையும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லீவு கிடைக்கும் தேதியைப் பார்த்து அம்மா அப்பாவின் ஆபரேஷன் தேதியை முடிவு செய்யாதீர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டாக்டர் "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அப்படிச் சொல்கிற டாக்டர் உங்கள் அம்மாவின் பத்து வருட நடையைப் பற்றி யோசிக்கிறார்.

கேள்விகள் இருந்தால் கூட்டம் முடிந்து டீ சாப்பிடும்போது கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த ஒரு தாளுக்கான மாதிரிப் படிவத்தைப் பிரதி எடுத்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.